உடலுக்குள்ளும் ஒரு பாடு முறை

கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் நெருக்கி நிற்க, எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணல்திட்டே காட்டுப்பள்ளி. முன்னாளில் அங்கே கடலையும் ஏரியையும் நம்பியே மக்கள் வாழ்ந்தனர். இந்நாளில் துறைமுகமும் வந்து சேர்ந்திருப்பதால், தந்தை வலை இழுக்க, மகன் ஒப்பந்தக் கூலியாக வாயிற்காவலுக்கோ சுமைப் பணிக்கோ செல்லும் குடும்பங்கள் பலவுண்டு. அத்தகைய வீடு ஒன்றில் நாம் கண்டதும், அதன் காரணமாக நாம் கற்க நேர்ந்ததுமே இக்கட்டுரைக்குப் பொருளாயின. அவ்வீட்டாரின் இசைவு பெற்று, பெயரை மட்டும் விடுத்து எழுதுகிறோம்.

நோயாளிகளைச் சந்திக்க நாம் சென்றிருந்த ஒரு மாலை வேளையில், மீன் கூடை சுமந்து விற்றுப் பிழைக்கும் தாய் ஒருவர் திண்ணையில் சோர்ந்து அமர்ந்திருந்தார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இராது. சிறு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் அவருடைய இதய வால்வைக் கெடுத்துவிட, ஏழு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் அறுவை செய்து உலோக வால்வு பொருத்தியிருந்தனர். அன்று முதல் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை அவர் நாள் தவறாமல் உட்கொண்டு வந்தார். அண்மையில் இருமலும் மாலைக் காய்ச்சலும் கண்டு, சளியைச் சோதித்ததில் காசநோய் என்று தெரிந்து, அதற்கான மாத்திரைகளையும் தொடங்கி ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன.

"சாமி, ஒண்ணுக்கு ரத்தமா போவுது. ஆபரேசன் பண்ண டாக்டருங்க அப்பவே சொன்னாங்க, ரத்தம் போனா மாத்திரை ஜாஸ்தியாயிடுச்சுன்னு அர்த்தம்னு. அதான் ரெண்டு நாளா அந்த மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றார்.

நாம் புன்னகை செய்தோம். காசநோய் மருந்தாகிய ரிஃபாம்பிசின் செங்கல் நிறத்தது என்பதும், அது சிறுநீரையும் வியர்வையையும் கண்ணீரையும் கூடச் செம்மஞ்சள் ஆக்கும் என்பதும் நமக்குத் தெரிந்த செய்திகளே. "அம்மா, அது இரத்தம் அன்று, மருந்தின் சாயம். அஞ்ச வேண்டாம். இரண்டு மாத்திரைகளையும் முன்போலவே சாப்பிடுங்கள்" என்று உறுதியாகக் கூறிவிட்டு, நமக்கும் சிறிது மருத்துவம் தெரியும் என்ற நிறைவோடு எழுந்தோம். அப்போது துறைமுக வேலை முடித்து வந்த மகன் வழிமறித்து, "ஃபாதர், நுரையீரலுக்குத் தர்ற மாத்திரை ஒண்ணுக்கு வரைக்கும் வருதுன்னா, நடுவுல ஒடம்புல வேற எங்கல்லாம் போவும்? அங்கல்லாம் இன்னா பண்ணும்?" என்று கேட்டான். அதற்கு நாம் சொன்ன விடை எதுவும் நினைவில் இல்லை. நினைவில் நிற்கும் தகுதி அதற்கு இருந்திருக்காது.

அவனது வினா நாம் அளித்த அறிவுரையைவிட மேலானது என்பதைச் சில நாட்களிலேயே உணர்ந்தோம். சோர்வினால் மாதப் பரிசோதனைக்குப் போகாமலிருக்க எண்ணிய தாயை மகன் வற்புறுத்திச் சென்னைக்கு அழைத்துச் சென்றான். இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்னும் எண், அவருக்கு 2.5-க்கும் 3.5-க்கும் இடையே நிற்க வேண்டியது. அன்று 1.3 என்று வந்தது. இரத்தம் மிகுதியாய்ப் போகிறது என்று அவர் அஞ்சிக்கொண்டிருக்க, உண்மையில் நேர்ந்திருந்ததோ அதற்கு நேர்மாறானது. மாத்திரையை ஒழுங்காக விழுங்கியும் அது வேலை செய்யவில்லை. இன்னும் சிறிது காலம் கவனியாது விட்டிருந்தால் வால்வின் மேலேயே இரத்தம் உறைந்திருக்கக் கூடும் என்று மருத்துவர் கூறினாராம். "வேறு மாத்திரை ஏதாவது புதிதாகச் சாப்பிடுகிறீர்களா?" என்ற கேள்வி அப்போதுதான் முதன்முறையாக அவரிடம் கேட்கப்பட்டது. காசநோய் மருந்து தந்த இடத்தில் வால்வைப் பற்றி அவர் சொல்லவில்லை. எவரும் கேட்கவும் இல்லை. திண்ணையில் நின்ற நாமோ, இரண்டையும் அறிந்திருந்தும், "முன்போலவே சாப்பிடுங்கள்" என்றோம்.

அந்த உறுத்தலினாலேயே நமக்குத் தெரிந்த மருத்துவர்களை அணுகிக் கேட்டோம்; படித்தும் பார்த்தோம். நோய்க்கிருமியும் மருந்தும் உடலின் உயிரணுக்களுக்குள் புகுந்து என்ன செய்கின்றன என்பது, நாம் எண்ணியிருந்ததைவிட ஆழமான செய்தியாக இருந்தது.

பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் பாடு என்னும் பழைய முறை வழங்கி வருவதை அங்குள்ளோர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பிற ஊர் வாசகர்களுக்காகச் சொல்லுகிறோம். ஏரியின் எல்லா இடத்திலும் இறால் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. நல்ல இடத்தை வலிமையுள்ளவனே பிடித்துக்கொள்ளாதிருக்க, எந்தத் தலைக்கட்டு எந்த இடத்தில் எந்த நாளில் வலையிடுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வகுக்கும். வலைகள் எல்லார் வீட்டிலும் உள்ளன. ஆயினும் இன்று நீரில் இறங்குவது எந்த வலை என்பதைப் பாடே தீர்மானிக்கிறது.

நம் உடலிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வோர் உயிரணுவின் கருவினுள்ளும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் எனப்படும் புரத உருளைகளில் சுற்றி வைக்கப்பட்டுள்ளது. அவ்விழையில் புரதங்களைச் செய்வதற்குரிய மரபணுக்கள் சுமார் 20,000 எழுதப்பட்டிருக்கின்றன. ஈரலின் அணுவிலும் இதே 20,000, நுரையீரலிலும் இதே 20,000, கண்ணிலும் இதுவே. பின்னர் ஈரல் ஈரலாகவும் கண் கண்ணாகவும் இருப்பது எதனால்? ஒவ்வோர் இடத்திலும் இன்னின்ன மரபணுக்களே வாசிக்கப்பட வேண்டும், மற்றவை சுருட்டிய வலைபோல் கிடக்க வேண்டும் என்னும் முறையினால். வாசிக்கப்படும் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் நகல் எடுக்கப்படுகிறது; அந்நகலைப் பார்த்துப் புரதம் செய்யப்படுகிறது. இவ்வாறு எழுத்தாய்க் கிடக்கும் மரபணு செயலாய் வெளிப்படுவதை மரபணு வெளிப்பாடு என்பர். எழுத்து மாறுவதில்லை. எது வாசிக்கப்படுகிறது, எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பது மட்டுமே வேளைக்கு வேளை மாறும். பட்டினியில் ஒருவாறு, காய்ச்சலில் வேறொருவாறு.

இந்த முறையில் வெளியாள் ஒருவன் வந்து கைவைத்தால் என்ன ஆகும்? காசநோய்க் கிருமி செய்வது அதுவே.

1882-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் இக்கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அதனாலேயே அந்நாள் இன்றும் உலகக் காசநோய் நாளாக நினைக்கப்படுகிறது. அவருக்குத் தெரிந்தது கோல் வடிவான ஒரு நுண்ணுயிர். அதன் மரபணுத் தொகுதி முழுவதும் 1998-இல் வாசிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 4,000 மரபணுக்களைக் கொண்ட சிறு குடும்பம் அது என்று தெரிய வந்தது. இருமலின் துளியில் மிதந்து வந்து நுரையீரலின் காற்றறையில் இறங்கும் இக்கிருமியை, உடலின் காவலர்களாகிய பெருவிழுங்கணுக்கள் விழுங்குகின்றன. வேறு கிருமியாயின் அத்துடன் கதை முடிந்திருக்கும். விழுங்கணு அதனை ஒரு பைக்குள் அடைத்து, அமிலத்தாலும் நச்சு ஆக்சிசன் கூறுகளாலும் சிதைத்துவிடும். காசநோய்க் கிருமியோ சிறைக்குள்ளேயே குடித்தனம் நடத்தக் கற்றது. விழுங்கிய காவலனின் வயிற்றிலேயே தங்கி, ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகி, அவசரமின்றி வாழ்கிறது.

அது எப்படி இயலுகிறது என்பதற்கு விடையின் ஒரு பகுதி நமக்கு ஐதராபாத் நகரிலிருந்து கிடைத்தது. ஐதராபாத்திலுள்ள டி.என்.ஏ. கைரேகை மற்றும் நோயறி மையத்தைச் சேர்ந்த சஞ்சீவ் கோஸ்லாவும் அவருடன் பணியாற்றியோரும் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. கிருமி சுரக்கும் புரதங்களுள் ஆர்.வி. 1988 எனப்படும் ஒன்று (இது ஆண்டு அன்று; வரிசை எண்), விழுங்கணுவின் கருவுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. அங்கே டி.என்.ஏ. சுற்றப்பட்டுள்ள ஹிஸ்டோன் உருளையில் மெத்தில் என்னும் சிறு வேதிக் குறி ஒன்றை ஒட்டுகிறது. குறி ஒட்டிய இடத்தில் மரபணுவை வாசிப்பது தடைப்படுகிறது. தடைப்பட்டவை எவை? கிருமியைக் கொல்ல நச்சு ஆக்சிசனையும் அதைப் போன்ற பிற கூறுகளையும் ஆக்குவதற்குரிய மரபணுக்கள் அவற்றுள் அடங்கும். ஊருக்குள் இரவில் புகுந்த அயலான் ஒருவன் வலைகளை அறுக்காமல், பாட்டுக் குறிப்பேட்டில் தனக்கு ஆகாத பெயர்களை மட்டும் அடித்துவிட்டுச் சென்றான் என்று வைத்துக்கொள்வோம். காலையில் வலைகள் யாவும் வீட்டில் பத்திரமாயிருக்கும்; ஆனால் நீரில் இறங்கா.

கிருமி சிலவற்றை மூடுவதோடு நிற்பதில்லை. வேறு சிலவற்றின் வாசிப்பு மிகுந்து போகவும் அதுவே காரணமாகிறது. காசநோய் முற்றிய நுரையீரலில் குழி விழுவதைக் கேள்விப்பட்டிருப்போம். எக்ஸ்-கதிர்ப் படத்தில் கறுப்பு வளையமாய்த் தெரியும் அக்குழியைக் கிருமியே அரித்தது என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். அவ்வாறு அன்று. தசைநார்களை இழுத்துப் பிடிக்கும் கொலாஜன் என்னும் புரதத்தை அறுக்கவல்ல நொதிகள் நம் உடலிலேயே உள. புண் ஆறும்போது பழையதைக் களைவதற்காக அவை அளவோடு சுரக்கும். கிருமி தங்கிய இடத்தில் அவற்றுக்குரிய மரபணு அளவு மீறி வாசிக்கப்படுவதால், நம் நுரையீரலை நம் உடலே அறுத்துவிடுகிறது. குழி வழியே கிருமி காற்றுக் குழலை அடைகிறது. இருமலில் ஏறி அடுத்தவரிடம் செல்கிறது.

கிருமியால் மரபணு வாசிப்பு மாறுவது எப்போதும் தீமைக்கே என்றும் சொல்ல இயலாது. குழந்தை பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசியில் இருப்பதும், கால்நடைக் காசநோய்க் கிருமியின் உயிருள்ள, வலுக்குறைந்த இனமே. இவ்வூசியின் பயனை அறிய உலகின் மிகப் பெரும் சோதனைகளுள் ஒன்று அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்திலேதான் 1968-இல் தொடங்கப்பட்டது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் சேர்க்கப்பட்டனர். நம் மாவட்டத்து மக்கள் உலகுக்குச் செய்த இப்பெரும் உதவியை நம்மவரே மறந்துவிட்டோம் என்பது வருந்தத்தக்கது. வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை என்பதே அதில் கிடைத்த கசப்பான முடிவு. எனினும் பச்சிளங் குழந்தைகளை மூளைக் காய்ச்சலாக வரும் காசநோயினின்று அது காப்பதால், இன்றளவும் கைவிடப்படவில்லை. 2012-இல் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் வேறொன்றைக் கண்டனர். பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களின் வெள்ளணுக்களில் ஹிஸ்டோன் குறிகள் மாறி, காவலுக்குரிய மரபணுக்கள் பல மாதங்களுக்கு எளிதில் திறக்கும் நிலையில் இருந்தன. ஆர்.வி. 1988 எந்த இடத்தில் பூட்டுகிறதோ, ஏறத்தாழ அதே வகையான இடத்தில் பி.சி.ஜி. திறப்பு வைக்கிறது எனலாம்.

நுரையீரலில் நிகழும் இம்மாறுதல்களின் நிழல் இரத்தத்திலும் விழுகிறது. 2010-இல் இலண்டனிலிருந்து வெளியான ஆய்வொன்றில், இலண்டனிலும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலும் இருந்த நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, காசநோய் முற்றியவரிடத்தில் வாசிப்பு மாறியிருக்கும் 393 மரபணு நகல்களை வகுத்துக் காட்டினர். அவற்றுள் பல, வைரசுகளை எதிர்ப்பதற்காக உடல் சுரக்கும் இன்டர்ஃபெரானால் தூண்டப்படுபவை. நுரையீரல் படத்தில் நோய் எவ்வளவு பரவியிருந்ததோ அவ்வளவுக்கு இரத்தத்தில் அக்கோலமும் அழுத்தமாயிருந்தது. இரண்டு மாத சிகிச்சைக்குப் பின் அது மங்கியது. பன்னிரண்டு மாதங்களுக்குப் பின் மறைந்தது. இரண்டாம் மாதத்தில் மங்கியதே தவிர மறையவில்லை என்பதை நாம் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டோம். ஏனெனில் அந்த இரண்டாம் மாதத்தில்தான் காய்ச்சல் நின்று, பசி எடுத்து, உடம்பில் சதை பிடித்து, "எனக்குச் சரியாகிவிட்டது" என்று கூறி மாத்திரைப் பையைப் பரணில் எறிகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம்.

இனி மருந்தின் பக்கம் வருவோம்.

வீட்டில் இருந்தபடியே மாத்திரை உண்டு காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது சென்னை மாநகரமே. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை சானடோரியத்தில் தங்க வைத்தும் மறு பிரிவினரை நெருக்கடியான தம் வீடுகளிலேயே விட்டும் ஓராண்டு மருந்தளித்தது. நல்லுணவும் ஓய்வும் பெற்றவர்களுக்கு நிகராக, குடிசையில் இருந்தோரும் குணமடைந்தனர். அவர்கள் வீட்டாருக்கும் நோய் அதிகமாய்த் தொற்றவில்லை. 1959-இல் இம்முடிவு வெளியானபின், உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகள் ஒவ்வொன்றாய் மூடத் தொடங்கின. அம்மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு விளங்குகிறது.

ரிஃபாம்பிசின் அதற்குப் பின் வந்தது. 1957-இல் பிரான்சின் தென்கடற்கரையிலுள்ள ஒரு பைன் காட்டு மண்ணை, இத்தாலியின் மிலான் நகரத்து மருந்துக் கூடத்தார் சோதித்தபோது, அம்மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்று பிற கிருமிகளைக் கொல்லும் பொருளைச் சுரப்பதைக் கண்டனர். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ரிஃபிஃபி என்னும் பிரெஞ்சுத் திருட்டுத் திரைப்படத்தின் பெயரையே செல்லமாக அதற்கு இட்டனராம். அதிலிருந்து வந்ததே ரிஃபாம்பிசின் என்னும் பெயர். ஓராண்டுக்கும் மேலாக நீண்ட சிகிச்சையை ஆறு மாதங்களாகச் சுருக்கியதில் இம்மருந்துக்குப் பெரும் பங்குண்டு.

அது கிருமியை எவ்வாறு கொல்கிறது? கிருமிக்கும் மரபணு உண்டு; அதையும் வாசித்தாக வேண்டும். வாசித்து நகலெடுக்கும் கருவி ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி. ரிஃபாம்பிசின் அக்கருவியின் வாயிலில் சென்று அடைத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று எழுத்துக்கள் நகலானதும் மேலே நகர இயலாமல் வாசிப்பு நின்றுவிடும். தன் ஏட்டை வாசிக்க இயலாத கிருமி செயலற்று மடிகிறது. நம் உயிரணுவின் வாசிப்புக் கருவி வேறு அமைப்பினதாகையால் அது அடைபடுவதில்லை. கோடிக்கணக்கான கிருமிகளுள் எங்கோ சிலவற்றில், தற்செயலாய் எழுத்துப் பிழை நேர்ந்து, அக்கருவியின் வாயில் சற்றே கோணலாய் அமைந்திருக்கும். மருந்து அங்கே பொருந்தாது. உடன் தரப்படும் ஐசோனியாசிட் முதலிய மற்ற மருந்துகள் அவற்றை அழித்துவிடும். மாத்திரைகளை விட்டுவிட்டு உண்பவரின் உடலிலோ இந்தக் கோணல் வாயிற் கிருமிகளே பிழைத்துப் பெருகும். இக்காலத்தில் சளியை ஜீன் எக்ஸ்பெர்ட் கருவியில் வைத்து இரண்டு மணி நேரத்தில் பார்ப்பது அந்த எழுத்துப் பிழை உண்டா இல்லையா என்பதைத்தான்.

இதுவரை சொன்னது காசநோய் மருத்துவம் அறிந்தோர் யாவருக்கும் தெரிந்ததே. மகன் கேட்ட வினாவுக்கு விடை இதற்கு அப்பால் இருக்கிறது. கிருமியின் ஏட்டை மூடுகிற அதே மருந்து, நம் ஏட்டில் சில பக்கங்களைத் திறந்துவிடுகிறது.

வாய்வழி உட்கொண்ட எதுவும் குடலைக் கடந்து ஈரலுக்குச் சென்றே உடலெங்கும் பரவ வேண்டும். ஆதலின் அயற்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் பொறுப்பு ஈரலுக்கும் குடற்சுவருக்கும் உரியது. அதற்கென அங்குள்ள அணுக்களில் பி.எக்ஸ்.ஆர். என்னும் காவற் புரதம் ஒன்று காத்திருக்கிறது. 1998-இல் இது கண்டறியப்பட்டது. அயற்பொருள் ஒன்று வந்து இதனோடு பொருந்தினால், இது டி.என்.ஏ.யின் குறித்த இடங்களில் சென்று அமர்ந்து, "இங்கே வாசியுங்கள்" என்று ஆணையிடுகிறது. உடனே சைட்டோகுரோம் பி-450 என்னும் நொதிக் குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் பன்மடங்கு வாசிக்கப்படுகின்றன. நொதிகள் பெருகுகின்றன. வந்த பொருள் விரைவில் சிதைகிறது. இயற்கையின் அருமையான தற்காப்பே இது. காட்டுக் காய்களையும் கிழங்குகளையும் தின்று பார்த்து வாழ்ந்த நம் முன்னோரை எத்தனையோ நஞ்சுகளிலிருந்து இத்தகைய ஏற்பாடே காத்திருக்கும்.

பி.எக்ஸ்.ஆரை எழுப்பும் மருந்துகளுள் ரிஃபாம்பிசினுக்கு ஈடானவை மிகச் சிலவே. நாள்தோறும் அது உட்செல்ல, ஒன்றிரண்டு வாரங்களில் ஈரல் முழுவதும் இந்நொதிகளால் நிறைந்துவிடுகிறது. நொதிகளுக்கோ ஆள் பார்த்து அறுக்கத் தெரியாது. வழியில் வரும் பிற மருந்துகளையும் சேர்த்துச் சிதைத்துவிடும். நம் தாயின் இரத்தம் உறையாமல் காத்த மாத்திரைக்கு நேர்ந்தது அதுவே. விழுங்கிய அளவு மாறவில்லை. இரத்தத்தில் நின்ற அளவு குறைந்துவிட்டது. நாம் "முன்போலவே" என்று சொன்ன சொல் எவ்வளவு பெரிய பிழை என்பது இங்கே விளங்கிற்று. ஊரில் பாடு மாறியபின், பழைய இடத்தில் பழைய நாளில் வலை வீசச் சொன்னோம்.

வலிப்பு நோய்க்கு உண்ணும் மாத்திரைகள் சில, ஸ்டீராய்டு மருந்துகள், மாற்று உறுப்புப் பொருத்தியோர் உண்ணும் மருந்துகள், எச்.ஐ.வி. மருந்துகள் சில, ஹார்மோன் மாத்திரைகள், இதயத் துடிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய சில ஆகிய யாவும் இவ்வாறே வலுவிழக்கக் கூடும். சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளிலும் சில வகை இதில் அடங்கும். தமிழகத்துக் காசநோய்ப் பிரிவுகளில் நடத்தி 2012-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், நோயாளிகளுள் நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை நோயும் இருந்ததைக் கண்டனர். ஆகவே இது ஏதோ ஒரு வால்வுக்காரம்மாவின் அரிய கதை என்று எவரும் தள்ளிவிடலாகாது.

மூலிகைதானே, அதனால் என்ன என்பாரும் உளர். ஐரோப்பாவில் திருமுழுக்கு யோவான் திருநாளை ஒட்டி மஞ்சள் பூப் பூக்கும் ஒரு செடியைப் புனித யோவான் பூண்டு என்பர். மனச்சோர்வுக்குக் கசாயமாகவும் மாத்திரையாகவும் கடைகளில் விற்கப்படுகிறது. அதிலுள்ள பொருளும் பி.எக்ஸ்.ஆரை எழுப்பவல்லது. 2000-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், மாற்று இதயம் பொருத்தப்பட்டிருந்த இருவர் இதை உண்டதால், இதயத்தை உடல் ஏற்கச் செய்யும் மருந்து வலுவிழந்து, பொருத்திய இதயத்தையே உடல் தள்ளத் தொடங்கிற்று என மருத்துவர்கள் எழுதினர். புனிதரின் பெயரைத் தாங்கிய பூண்டாயினும் ஈரல் அதை அயலானாகவே கணக்கெடுத்தது.

நம் தாயின் கதைக்குத் திரும்புவோம். இரு மருத்துவமனைகளின் சீட்டுகளையும் ஒரே பிளாஸ்டிக் பையில் இட்டு, இரண்டு இடங்களிலும் காட்ட வேண்டும் என்று மகன் ஏற்பாடு செய்தான். நாம் சொல்லித் தரவில்லை, அவனே செய்தான். காசநோய் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்றும், இரத்த மாத்திரையின் அளவை மட்டும் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்றும் மருத்துவர்கள் முடிவு செய்தனர். வாரம் ஒருமுறை இரத்தம் எடுக்கப்பட்டது. விடியலில் புறப்பட்டு, மாறி மாறி வண்டியேறிச் சென்னை சென்று, மாலையில் திரும்பினால் அன்றைய மீன் விற்பனை போயிற்று. காசநோயாளியின் உணவுக்காக அரசு வங்கிக் கணக்கில் இடும் உதவித்தொகை, 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. முட்டைக்கும் பயற்றுக்கும் என்று தந்த அத்தொகையில் ஒரு பகுதி வண்டிக் கூலிக்கே போனதை அவர் மறைக்கவில்லை. இதை எழுதுவதில் நமக்கு மகிழ்ச்சியில்லை. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

ஐந்தாவது வாரத்தில் எண் 2.6-ஐத் தொட்டது. அப்போது அவர் உண்டது பழைய அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல். "இவ்ளோ சாப்பிட்டா ரத்தம் தண்ணியாயிடாதா சாமி?" என்று அஞ்சினார். இம்முறை நாம் விடை கூறாமல், "மருத்துவரிடமே கேளுங்கள் அம்மா" என்றோம்.

சிகிச்சை முடியும் காலத்தில்தான் இன்னொரு கண்ணி இருக்கிறது என்பதையும் அறிந்தோம். ஆறு மாதம் முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தியதும், சிறுநீரின் செம்மை ஓரிரு நாளில் போய்விடும். நோயாளியின் மனத்தில் எல்லாம் முடிந்தது. ஈரலில் முடியவில்லை. பி.எக்ஸ்.ஆர். ஓய்ந்து, கூடுதலாய்ச் செய்யப்பட்ட நொதிகள் தேய்ந்து, மரபணு வாசிப்பு பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ இரண்டு வாரங்கள் செல்லும்; சிலருக்கு அதனினும் கூடுதலாகும். அந்த நாட்களில் இரு மடங்கு மாத்திரையை அப்படியே உண்டுகொண்டிருந்தால், அறுப்பார் இன்றி அது இரத்தத்தில் தேங்கும். எண் 5, 6 என ஏறும். அப்போது வருவது சாயம் அன்று, மெய்யான இரத்தம். முதலில் இல்லாத இரத்தப்போக்குக்கு அஞ்சி மருந்தை நிறுத்திய ஒருவர், முடிவில் உண்மையான இரத்தப்போக்கைச் சாயம் என்று எண்ணிச் சும்மாயிருந்துவிட எவ்வளவு எளிதாய் இடமுண்டு!

நல்லகாலம், அந்தப் பிளாஸ்டிக் பையின் மேல், கடைசிக் காசநோய் மாத்திரைக்குரிய தேதியையும், அதன்பின் தொடர்ந்து செய்ய வேண்டிய நான்கு பரிசோதனைகளின் தேதிகளையும் மகன் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதி வைத்திருந்தான். மாத்திரை அளவு முதல் வாரம் சிறிது குறைக்கப்பட்டது. இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் இன்னும் குறைந்தது.

அண்மையில் காட்டுப்பள்ளிக்கு நாம் மீண்டும் சென்றபோது அவர் வீட்டில் இல்லை. பழவேற்காட்டு மீன் ஏலத்துக்குப் போயிருந்தார். திண்ணையில் பை தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று தேதிகள் அடிக்கப்பட்டு, பக்கத்தில் எண்கள் எழுதப்பட்டிருந்தன: 3.4, 3.1, 2.9. நான்காவது தேதி வரும் செவ்வாய்க்கிழமை. அதன் கீழே மகன் கையெழுத்தில், அண்டை வீட்டு முதியவர் ஒருவர் காசநோய்க்குச் சிகிச்சை தொடங்கும் நாளும், அவர் உண்டுவரும் சர்க்கரை மாத்திரையின் பெயரும் குறிக்கப்பட்டிருந்தன.